கடலோரமாக 40 நாள் சைக்கிள்: பாங்காக்–சிங்கப்பூரா, ஏட்ரியாட்டிக்கா, அட்லாண்டிக்கா?

ஆபீசில் ஒருவழியாக 40 நாள் லீவுக்குத் தலையாட்டிவிட்டார்கள். எந்த மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் 41-வது நாள் காலையில் சீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கூட வருவது மனைவியின் தம்பி. இரண்டு பேரும் சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரி வரைக்கும் எத்தனை தடவை மிதித்திருப்போம் என்று கணக்கில்லை, ஒரு பொங்கல் லீவில் வேதாரண்யம் சுற்றி ராமேஸ்வரம் வரைக்கும்கூடப் போய் வந்தோம். அப்போதிருந்தே பேச்சு இதுதான்: கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாடு விட்டு நாடு போக வேண்டும், ஒரே மூச்சில், சைக்கிளிலேயே.

மூன்று மாதமாக மூன்று வழிகளை மாற்றி மாற்றி மேப்பில் இழுத்துப் பார்த்தாயிற்று. பாங்காக்கிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக சிங்கப்பூர் ஒன்று. இத்தாலியின் வடகிழக்கு மூலையிலிருந்து ஸ்லோவேனியா, குரோஷியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, கிரீஸ் என்று ஏட்ரியாட்டிக் கரையைப் பிடித்து ஏதென்ஸ் போவது இன்னொன்று. பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் தொடங்கி ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகலின் தென்மேற்கு முனைக்குப் போவது மூன்றாவது. நான்காவதாக வடகடல் ஓரம் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் என்று ஒரு வழியும் பட்டியலில் இருந்தது. தட்டைத் தரை, அருமையான பாதை, மலை என்ற பேச்சே இல்லை. ஆனால் மலை ஏறினால் அந்தப் பக்கம் இறக்கமாவது கிடைக்கும், வடகடல் எதிர்காற்றில் நாள் முழுக்க மிதித்தால் கிடைப்பது இன்னும் கொஞ்சம் எதிர்காற்றுதான். அதோடு டென்மார்க் விலைவாசி. முதல் வாரத்திலேயே அடித்துவிட்டோம்.

முதலில் எல்லாரையும் போல எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். காட்சிக்கு இத்தனை மார்க், சாப்பாட்டுக்கு இத்தனை, மொத்தத் தூரம், மொத்த ஏற்றம். கூட்டிப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மார்க். மார்க் போட்டவன் மூன்றுக்கும் ஆசைப்படுகிறவன், வேறு எப்படி வரும்? அந்த ஃபைலை மூடிவிட்டு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. எந்த வழி நம்முடைய நாட்களைத் தின்னும், எப்படித் தின்னும்? அதை மட்டும் பார்த்தால் போதும்.

ஏனென்றால் 40 நாள் லீவு என்பது 40 நாள் சைக்கிள் இல்லை. போக ஒரு நாள், போய்ப் பெட்டியைப் பிரித்து மாட்டிக் காற்றடித்துப் பிரேக் சரிபார்க்க ஒரு நாள், கடைசியில் மறுபடி அட்டைப்பெட்டி தேடிக் கட்ட ஒரு நாள், வர ஒரு நாள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும், துணி துவைக்கவாவது. வயிற்றுக் கோளாறுக்கும் மழைக்கும் இரண்டு மூன்று நாள் ஒதுக்கினால் கையில் நிற்பது 28 நாள். 18 கிலோ மூட்டை ஏற்றிய சைக்கிளில் எங்கள் வயதுக்கும் வேகத்துக்கும் ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர், அதாவது மொத்தம் கிட்டத்தட்ட 2,000. ஒரு நாள் 120 கிலோமீட்டர் போகலாமே என்று மைத்துனன் சொல்கிறான். போகலாம், மூன்று நாள் போகலாம். நாலாம் நாள் முழங்கால் பேசும்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபட்டது எனக்கு மனதுக்கு மிகவும் பிடித்த அட்லாண்டிக் வழி. வேலைக்காக ஒரு வருடம் பிரான்ஸில் நான்த் நகரத்தில் இருந்தேன், அதனால் அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஐரோப்பா முழுக்க யூரோவெலோ என்று நெடுந்தூரச் சைக்கிள் வழிகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் 1-ம் எண் அட்லாண்டிக் கரை வழி. அதன் பிரெஞ்சுப் பகுதிக்கு வெலோடிஸே என்று பேர், வடக்கே ரோஸ்காஃப் துறைமுகத்திலிருந்து ஸ்பெயின் எல்லையில் ஆந்தாய் வரைக்கும் 1,200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பெரும்பகுதி கார் வராத தனிப் பாதை, ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னதாக ஒரு போர்டு. மேப்பைப் பார்க்காமலே நாள் முழுக்கப் போகலாம். வாரக்கடைசிகளில் துண்டு துண்டாக நான்த்திலிருந்து ஆர்காஷோன் வரைக்கும் முடித்திருக்கிறேன். ருவாயானில் சைக்கிளோடு படகேறி ஜிரோந்து ஆற்று முகத்தைக் கடந்தால் அந்தப் பக்கம் பைன் காடு. கடல் கண்ணுக்குத் தெரியாது, மணல்மேட்டுக்குப் பின்னால் இரைச்சல் மட்டும் கூடவே வரும்.

ஒரு இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நுவார்மூட்டியே தீவுக்குப் போக கடலுக்குள்ளேயே நாலு கிலோமீட்டருக்கு மேல் ஒரு பழைய சாலை இருக்கிறது, குவா என்பார்கள். நாளுக்கு இரண்டு முறை கடல் அதை மூடிவிடும். தண்ணீர் முழுக்க வடியும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும்தான் போக வேண்டும், இரண்டு முனையிலும் நேரம் எழுதிப் போட்டிருப்பார்கள். நான் போனபோது கல் பாவிய பகுதியில் பாசி ஈரமாக இருந்தது, முன்சக்கரம் இரண்டு தடவை வழுக்கியது. நடுவில் உயரமான கம்பங்கள் நிற்கின்றன, ஏறி நிற்க மேலே ஒரு தட்டு. அது எதற்கு என்று முதலில் புரியவில்லை. நேரம் தப்பி மாட்டிக்கொண்டவர்கள் ஏறித் தப்பிப்பதற்கு. புரிந்த பிறகு வேகமாக மிதித்தேன். இரண்டு பக்கமும் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சரி, பிரச்சினை பிரான்ஸில் இல்லை, அதற்கப்புறம். அட்லாண்டிக் கரை வழி என்று பேர் வைத்துவிட்டு, ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் அந்த யூரோவெலோ கடலை விட்டு உள்நாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. பாம்ப்லோனா, புர்கோஸ், சலமான்கா, செவில் என்று சுற்றி வந்து தெற்கே மறுபடி கடலைப் பார்க்கிறது. கடலை விடமாட்டேன் என்று வடக்குக் கரையைப் பிடித்தால் பாஸ்க் நாட்டிலிருந்து கலீசியா வரைக்கும் ஏற்ற இறக்கம் ஓயாது, ஒவ்வொரு ஆற்று முகத்துக்கும் இறங்கி ஏற வேண்டும், மழையும் நிறைய. போர்ச்சுகலுக்குள் வந்துவிட்டால் கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகைத் தள்ளும், அங்கே எல்லாரும் நொர்ட்டாடா என்பார்கள், அதனால் வடக்கிலிருந்து தெற்கேதான் போக வேண்டும். ஆனால் நான்த்திலிருந்து போர்ச்சுகலின் சான் விசென்ட் முனை வரைக்கும் கூட்டிப் பார்த்தால் 2,600-ஐத் தொடுகிறது. எங்கள் கையில் இருப்பது 2,000. ஸ்பெயினை ரயிலில் தாண்டலாம் என்றால் மூட்டை முடிச்சோடு சைக்கிளையும் ரயில் மாற்றி மாற்றி ஏற்றுவது தனிப் பாடு. பிரான்ஸ் மட்டும் போதும் என்றால் அது ஒரே நாடு, நாங்கள் பேசிய பயணம் அது இல்லை. 60 நாள் லீவு கிடைக்கிறவர்கள் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். முதல்முறை நெடும்பயணம் போகிறவர்களுக்கு, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, காரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாதை இந்த மூன்றில் இல்லை.

அடுத்தது ஏட்ரியாட்டிக். மைத்துனன் விழுந்தது இதில்தான். மாண்டினீக்ரோவில் இருக்கும் கோட்டோர் வளைகுடாவின் படம் ஒன்றைத் தினமும் காலையில் அனுப்புவான், கீழே "மாமா, கடல்னா இது கடல்" என்று ஒரு வரி. படம் பொய் சொல்லவில்லை. வெனிஸில் இறங்கி இரண்டு மூன்று நாள் சமதரையில் மிதித்தால் ட்ரியெஸ்தே. அங்கிருந்து பரென்சானா என்ற பாதை தொடங்குகிறது, 1902-லிருந்து 1935 வரைக்கும் ஓடிய குறுகிய ரயில் பாதையைச் சைக்கிளுக்கு மாற்றியது, 123 கிலோமீட்டர், ரயில் போன இடம் என்பதால் ஏற்றம் செங்குத்தாக இருக்காது, பழைய குகைவழிகளுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இடையில் ஸ்லோவேனியா வந்து போய்விடும், அவர்களுக்குக் கடற்கரையே 50 கிலோமீட்டருக்குக் குறைவு.

குரோஷியாவில்தான் தலைவலி. கரையோரமாகப் போகும் பெரிய சாலை ஒன்றுதான், அத்தனை காரும் அதில்தான், பல இடங்களில் ஓரம் என்று எதுவும் கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தடுப்புக் கம்பி, அதற்குக் கீழே கடல். ஜூலை, ஆகஸ்டில் அங்கே மிதிப்பது தற்கொலைக்குச் சமம் என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார், அவர் செப்டம்பரில் போய்வந்தவர். அவர் செய்தது தீவு தாண்டுவது. கர்க் தீவில் ஏறி, அங்கிருந்து படகில் ராப், ராபிலிருந்து மறுபடி கரை, கொஞ்ச தூரத்தில் பாக் தீவுக்குப் படகு, பாக்கிலிருந்து பாலம் வழியாக சாடர். ஸ்பிளிட்டில் படகேறி ஹ்வார், அதன் கிழக்கு முனையிலிருந்து மறுபடி கரை. பெரிய சாலையில் பாதித் தூரம் இப்படியே மிச்சம். படகுக் கட்டணம் பெரிதில்லை, ஆனால் நேர அட்டவணைக்கு நாம் அடிமை, சீசன் முடிந்தால் நடைகள் குறைந்துவிடும்.

காற்றும் அங்கே பேர் வைத்துத்தான் வரும். கோடை மதியங்களில் வடமேற்கிலிருந்து வரும் மாஎஸ்ட்ரால் தெற்கே போகிறவனுக்குத் தோழன். யூகோ தென்கிழக்கிலிருந்து மழையோடு எதிரே வரும். புரா என்பது வேறு ரகம், வெலெபித் மலையிலிருந்து கடலை நோக்கி விழும் குளிர்க்காற்று, சென்ய் ஊர்ப் பக்கம் லாரிகளையே நிறுத்திவிடுவார்கள், சைக்கிள் எம்மாத்திரம். குளிர்காலத்தில்தான் அதிகம் என்றாலும் மற்ற மாதங்களிலும் எட்டிப் பார்க்கும்.

ஆனால் இந்த வழியில் உண்மையான மலை பாஸ்போர்ட்டில் இருக்கிறது. மேப்பில் பார்த்தால் குரோஷியாவின் கரை நடுவில் நெயூம் என்ற இடத்தில் அறுந்துவிடும், 20 கிலோமீட்டர் அளவுக்கு போஸ்னியா, அவர்களுக்கு இருக்கும் ஒரே கடற்கரை. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டது, ஆகவே நெயூமுக்குள் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியே போனதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். இதைச் சுற்றிப் போக சைக்கிள்காரர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. ப்ளோச்சே ஊரில் படகேறி பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தில் திர்பான்யில் இறங்கி, மறுபுறம் ஸ்டோன் வழியாகக் கரைக்கு வந்தால் நெயூம் பின்னால் போயிருக்கும். ஆனால் அது ஒரு தற்காலிக நிம்மதிதான், டுப்ரோவ்னிக் தாண்டினால் மாண்டினீக்ரோ, அப்புறம் அல்பேனியா, இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே, அப்புறம் கிரீஸில் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். ஆகப் பலமுறை நுழைவு விசா இல்லாமல் இந்த வழியை நினைத்தே பார்க்கக்கூடாது. அது இருந்தால் மற்றது சுலபம், செல்லுபடியாகும் ஷெங்கன் விசா உள்ளவரை மாண்டினீக்ரோ தனி விசா கேட்பதில்லை, பலமுறை நுழைவு விசாவாக இருந்து ஒருமுறை பயன்படுத்தியும் இருந்தால் அல்பேனியாவும் விட்டுவிடுகிறது. விண்ணப்பத்தைக் கொடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, ஷெங்கன் நாடுகளில் எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் கணக்கில் அது குரோஷியா.

விசா கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ், இவை பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குகிறாய் என்று கேட்பார்கள், சைக்கிளில் போகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? காற்று எதிரே அடித்தால் 40 கிலோமீட்டரில் நிற்பான், பின்னால் தள்ளினால் 90 போவான். நான் பிரான்ஸில் இருந்தபோது வந்த நண்பருக்குச் செய்தது, நிச்சயம் நிற்கப்போகும் ஊர்களில் மட்டும் ரத்து செய்யக்கூடிய அறைகளைப் போட்டு, நடுவில் உள்ள நாட்களுக்குக் கேம்பிங் இடங்களின் பெயரோடு நாள்வாரியாக ஒரு தாள் எழுதி, சைக்கிள் பயணம் என்று கடிதத்தில் வெளிப்படையாகச் சொன்னதுதான். கிடைத்தது. ஆனால் ஒருமுறை நுழைவு, அதுவும் கேட்ட நாட்களுக்கு மட்டும். முதல் விசாவில் பலமுறை நுழைவு தருவார்களா என்பது அவர்கள் கையில். மைத்துனனுக்கு இது முதல் ஷெங்கன் விசா.

இத்தனையும் தாண்டிப் போனால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம். கோட்டோர் வளைகுடாவைச் சுற்றி வரும் தண்ணீர் ஓரச் சாலை. அல்பேனியாவில் ஊரே சைக்கிளில் போகும் ஷ்கோடர். விளோரா தாண்டி லோகரா கணவாய், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு ஏறி, உச்சியில் திரும்பினால் அயோனியன் கடல் முழுக்கக் காலடியில், அங்கிருந்து வளைந்து வளைந்து இறக்கம். செப்டம்பரில் போய்வந்த அந்த நண்பருக்கு இந்த இறக்கத்துக்குப் பிறகு பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் போனது, தெற்கே கடை எதுவும் கிடைக்காமல் பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு விளோராவுக்கே திரும்பி வந்தார், இரண்டு நாள் காலி. புத்ரின்ட் பக்கத்தில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் பலகைப் படகு. கிரீஸில் 2004-ல் திறந்த ரியோ–ஆன்டிரியோ பாலத்தைச் சைக்கிளிலேயே கடக்கலாம், ஓரமாகத் தனிப் பாதை உண்டு. பிறகு கொரிந்து வளைகுடாவை இடப்பக்கம் வைத்துக்கொண்டு பழைய நெடுஞ்சாலையில் ஏதென்ஸ். மொத்தம் 1,700-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே, வெனிஸிலிருந்து சேர்த்தால் எங்கள் 2,000-க்குள் அடங்கும். ஆனால் 70 கிலோமீட்டர் என்பது அங்கே 70 இல்லை. ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி ஏறுவதைக் கூட்டினால் பல நாள் 55-தான் ஓடும்.

பாங்காக்–சிங்கப்பூருக்கு இந்தக் கவர்ச்சி கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் ஆறு நாள் லீவில் ஹுவா ஹினிலிருந்து சும்போன் வரைக்கும் ஒத்திகை பார்த்து வந்தேன், அந்த ஆறு நாளில் ஒரு நாள்கூட நான் ரோட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. நம் ஊர் போலவே இடப்பக்கப் போக்குவரத்து என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் வலப்பக்கம் ஓட்டும் ஊரில் 40 வருடப் பழக்கம் ஒரு ரவுண்டானாவில், களைத்துப்போன சாயங்காலத்தில், தப்பான பக்கம் பார்க்க வைக்கும். நான்த்தில் எனக்கே இரண்டு தடவை ஆகியிருக்கிறது. தாய்லாந்தில் நெடுஞ்சாலைக்கும் அகலமான ஓரம் இருக்கிறது, மோட்டார் சைக்கிள்காரர்கள் அதில் எதிரே வருவார்கள், அதுவும் நமக்குப் பழக்கம்தான். கரையோரம் கிளைச் சாலைகள் நிறைய, சமுத் சாக்கோன், பெட்சபுரிப் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே போகும்போது மரக்காணத்தில் இருக்கிறோமா என்று தோன்றும். அதே வெள்ளைக் குவியல்கள், அதே வாசனை, நாக்கில் அதே கரிப்பு.

பிராச்சுவாப் கிரி கான் ஊரில் இரண்டு ராத்திரி தங்கினேன். தாய்லாந்து தன் இடுப்பைச் சுருக்கிக்கொள்ளும் இடம் அது, அந்த வட்டாரத்தில் கடலுக்கும் மியான்மர் எல்லைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஊருக்குத் தெற்கே ஆவ் மனாவ் வளைகுடா விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது, வாசலில் விவரம் சொல்லிவிட்டு ஓடுபாதையை ஒட்டிச் சைக்கிளில் போனால் கடற்கரை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் இறங்கிய கரைகளில் அதுவும் ஒன்று. இப்போது அங்கே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைக்குரங்குகள், நம் ஊர்க் குரங்குகள் மாதிரி பையைப் பிடுங்காது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து யோசிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. வெயில் முதல் குறை. ஐந்தரைக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்குள் 50 முடிக்காவிட்டால் அப்புறம் நடக்கிற கதை இல்லை. நாய்கள் இரண்டாவது. ஈசிஆர் நாய்க்குப் பழகியவர்களுக்கும் சொல்கிறேன், கிளம்பும் முன் ரேபிஸ் தடுப்பூசியை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, தாய்லாந்தின் தென்கோடியில் பட்டானி, யாலா, நாராத்திவாத் மாகாணங்களில் பல வருடமாகக் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும், அங்கே கடலோரமாக நேராகக் கீழே இறங்க முடியாது. அதனால் சூராட் தானியில் கிழக்குக் கரையை விட்டு கிராபி பக்கம் தாண்டி, திராங், சாத்தூன் வழியாக வாங் பிராச்சன் எல்லையில் மலேசியாவுக்குள் நுழைவதாகத் திட்டம். நுழைந்ததும் வாங் கெலியானில் ஒரு செங்குத்து மேடு, தள்ளிக்கொண்டுதான் ஏறுவோம் என்று இப்போதே முடிவு செய்தாயிற்று.

மலேசியாவில் எந்தக் கரை என்பதில் கொஞ்ச நாள் குழப்பம். கடல் தெரிவது கிழக்குக் கரையில்தான், திரங்கானு பக்கம் சாலையும் அமைதி. ஆனால் அந்தப் பக்கம் போக, பட்டானி வழி இல்லையென்றால் கிரிக்–ஜெலி மலைச்சாலை, காட்டு யானை நடமாடும் இடம், அதைத் தாண்டினாலும் நாங்கள் போகும் ஜனவரியில் வடகிழக்குப் பருவமழையின் வால் அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். மேற்குக் கரையில் கடல் அபூர்வம், சதுப்புக்காடும் எண்ணெய்ப்பனையும்தான், கடலோரப் பயணம் என்று சொல்லிக்கொண்டு கடலைத் தேடிப் போக வேண்டியிருக்கும். இருந்தாலும் மேற்குதான். கெடா மாநிலத்தில் புஜாங் பள்ளத்தாக்கு, ராஜேந்திர சோழனின் படை 1025-ல் போன கடாரம் அதுதான், அங்கே தோண்டியெடுத்த கோயில் அடித்தளங்களைப் பார்க்க ஒரு அரை நாள். பட்டர்வொர்த்தில் படகேறிப் பினாங்கு, தைப்பூசம் வரும் வாரத்தில் போய்ச் சேர்ந்தால் தங்க அறை கிடைக்காது, சீனப் புத்தாண்டிலும் அப்படியே, இரண்டையும் காலண்டரில் பார்த்துத்தான் தேதி போட வேண்டும். தெற்கே செகிஞ்சான் வயல்கள், கிள்ளான், மலாக்கா, மூவார், பொந்தியான். ராத்திரி பத்து மணிக்குப் பசித்தாலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை திறந்திருக்கும், ரொட்டி சானாயும் தே தாரிக்கும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். 25-வது நாள் அலுப்பில் அது என்ன சுகம் என்று, பாஷை தெரியாத ஊரில் ஒரு வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

விசா விஷயத்தில் இது தலைகீழ். தாய்லாந்தும் மலேசியாவும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தன, மலேசியாவுக்கு 30 நாள். சலுகை என்றால் அதற்குத் தேதியும் உண்டு, மாற்றவும் மாற்றுவார்கள், டிக்கெட் போடும் நாளில் தூதரகப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் ஆன்லைன் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு மட்டும் நமக்கு விசா தேவை, ஏஜெண்ட் மூலம்தான், பெரிய சிக்கல் இல்லை. ஜொகூர் பாருவிலிருந்து கடலுக்கு நடுவே போட்ட ஒரு கிலோமீட்டர் நீளக் காஸ்வே சாலையில் மோட்டார் சைக்கிள்களோடு வரிசையில் நின்று சைக்கிளிலேயே கடக்கலாம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம்.

செலவு? என் கணக்கில் தாய்லாந்து, மலேசியாவில் ஆளுக்கு ஒரு நாள் 2,000-லிருந்து 2,500 ரூபாய், ஏசி இல்லாத சுத்தமான அறை உட்பட. கூடாரம் தேவையே இல்லை, மூட்டையில் நாலு கிலோ குறைகிறது. யூரோ நூறு ரூபாயைத் தொட்டு நிற்கும் காலத்தில் குரோஷியாவில் கூடாரத்தோடு போனாலும் 5,000-க்குக் கீழே வராது, கண்ட இடத்தில் கூடாரம் போட அங்கே தடை, அபராதம் போடுவார்கள். அக்டோபர் வந்தால் கேம்பிங்குகளைப் பூட்ட ஆரம்பிப்பார்கள். அல்பேனியாவில் மட்டும் மூச்சு விடலாம்.

இன்னொன்று, தவறு செய்தால் என்ன ஆகும் என்பது. தாய்லாந்துத் தெற்கு ரயில் பாதை கிட்டத்தட்டக் கூடவே வருகிறது, பல ரயில்களில் சரக்குப் பெட்டி உண்டு, இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் மூன்றாம் நாள் ரயிலேறி 150 கிலோமீட்டரை விழுங்கிவிடலாம். ஏட்ரியாட்டிக்கில் ஸ்பிளிட்டைத் தாண்டித் தெற்கே கரையோர ரயில் இல்லை. அங்கே இரண்டு நாள் போனால் போனதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு வந்தவனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டான், "அப்ப கோட்டோர் எப்ப மாமா?" நான் சொன்னது, முதலில் பாங்காக்–சிங்கப்பூர், அடுத்த வருடம் ஐரோப்பாவுக்கு ஏதாவது ஒரு சாதாரணப் பயணம் போய் அவன் பாஸ்போர்ட்டில் ஒரு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்திக் காட்டட்டும், அதற்கப்புறம் பலமுறை நுழைவு கேட்போம், செப்டம்பரில் போவோம். அவன் அக்கா உள்ளேயிருந்து "அதுக்கும் நாற்பது நாளா?" என்றாள். அதற்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து பாங்காக், பிப்ரவரி மூன்றாம் வாரம் சிங்கப்பூரிலிருந்து திருச்சி, டிக்கெட் போட்டாயிற்று. இப்போது வீட்டு ஹாலில் இரண்டு அட்டைப்பெட்டி நிற்கிறது, சைக்கிள் கடையில் சும்மா கொடுத்தது. முன்பு ஒருமுறை உள்நாட்டு விமானத்தில் பின்கியரைக் கழற்றாமல் அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பி, இறங்கிப் பார்த்தால் பின்கியரைப் பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்து செயின் ஸ்போக்ஸில் உரசியது, மூன்று நாள் பயணம் பஸ் பயணமாயிற்று. அதனால் இந்தத் தடவை பின்கியரைக் கழற்றி, பழைய துணியில் சுற்றி, சட்டத்துக்குள்ளே கட்டுகிறேன். ஃபிரேம் நம்பரைப் போட்டோ எடுத்தாயிற்று, திரும்பி வரும்போது கஸ்டம்ஸில் கேட்டால் காட்டப் பில்லும் கூடவே இருக்கிறது. மைத்துனன் நேற்று வந்து பெடலைக் கழற்றுகிறேன் என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டினான். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்று நான் சொல்லவில்லை, அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று டீ போடப் போய்விட்டேன்.